‘இல்லை’ என்பதில் மூன்று வகை



இது சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். வழக்கமாகப் பள்ளிக்கூடம், தோட்டம், பேத்தி என்று எழுதுகிற நான் இன்று கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் ‘டிவைஸ் டிரைவர்’ பற்றி. “டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று சிலர் கேட்பீர்கள். 34 வருடம் பாடம் நடத்தியவள். ஒரு விஷயம் புரிந்துவிட்டால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. நான் படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ மட்டும்தான். எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன், உங்களுக்கும் புரியும்.

என் மருமகள் இந்த வேலையில் இருக்கிறாள். பேத்தி பிறந்ததால் இரண்டரை வருடம் வேலையை விட்டிருந்தாள். திரும்பவும் வேலை தேடியபோது எத்தனையோ இடத்தில் “இந்த இடைவெளி ஏன்?” என்ற கேள்விதான். கடைசியில் ஒரு சின்ன நிறுவனம் எடுத்துக்கொண்டது. முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். வேலை வீட்டிலிருந்தே. சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் அவளுடைய போர்டுகளும் வயர்களும், மறுபாதியில் நானும் பேத்தியும்.

அந்த நிறுவனம் தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டிகளைக் கண்காணிக்கும் சிறு கருவி செய்கிறது. பெரும்பாலான தடுப்பூசிகளை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். சூடு ஏறினால் வீரியம் போய்விடும். சில தடுப்பூசிகள் உறைந்துபோனாலும் கெட்டுவிடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குழந்தைக்குப் போட்ட ஊசி வேலை செய்யாது, அவ்வளவுதான். போலியோ சொட்டு மருந்து முகாம்களில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நின்றவள் என்பதால் இதன் முக்கியத்துவம் எனக்குத் தெரியும்.

இப்போது டிரைவர் என்றால் என்ன? கெர்னல் என்பது லினக்ஸின் உட்கரு. கம்ப்யூட்டரில் இருக்கும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு பாஷை உண்டு. அந்தப் பாஷையைத் தெரிந்து வைத்துக்கொண்டு கெர்னலுக்கும் சில்லுக்கும் நடுவில் நிற்பதுதான் டிரைவர். வெப்பநிலை அளக்கும் சில்லுக்கு ஒரு டிரைவர், நெட்வொர்க் கார்டுக்கு ஒரு டிரைவர், இப்படி.

மருமகளுக்குக் கொடுத்த வேலை, வெப்பநிலைச் சில்லின் பழைய டிரைவரைச் சரிசெய்வது. கருவியில் இரண்டு மாடல். விலை கூடிய பெரிய போர்டில் மூன்று கூடுதல் வசதிகள். ஒன்று, ஈரப்பதம் அளக்கும் இன்னொரு சில்லு. இரண்டு, சில்லு மாட்டிக்கொண்டால் அதை மறுபடி தொடங்கவைக்கும் ரீசெட் கம்பி. மூன்று, அலர்ட் கம்பி. வெப்பநிலை எல்லை தாண்டினால் சில்லே அந்தக் கம்பி வழியாகப் பிராசஸரைத் தட்டி எழுப்பும். விலை குறைந்த சின்ன போர்டில் இந்த மூன்றும் கிடையாது. ஆனால் டிரைவர் ஒன்றுதான். இருந்தால் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது இல்லாமலே நடத்த வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. “கண்ணு, இது நான் பாடம் நடத்துன ஈராசிரியர் பள்ளிக்கூடம் மாதிரியே இருக்குதே” என்றேன். ஒரே அறையில் மூன்று வகுப்பு. ஒரு பிள்ளையிடம் கலர் பென்சில் இருக்கும், இன்னொன்றிடம் கரிக்கோல்கூட அரைதான் இருக்கும். பாடம் எல்லாருக்கும் நடக்க வேண்டும்.

பழைய டிரைவரில் என்ன குறை என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

முதல் குறை, கேட்டதையே கேட்பது. டிரைவர் ஒவ்வொரு செகண்டும் வெப்பநிலையை வாசிக்கும். அப்படியே ஈரப்பதச் சில்லையும் “இருக்கிறாயா?” என்று கேட்கும். சின்ன போர்டில் அந்தச் சில்லே கிடையாது. பதில் வராது. பதில் வரவில்லை என்று கெர்னலின் பதிவுக் குறிப்பில் ஒரு பிழை வரி எழுதும். அடுத்த செகண்டு மறுபடி கேட்கும். ஒரு நாளைக்கு 86,400 செகண்டு. 86,400 வீண் கேள்வி, 86,400 பிழை வரி.

“ஒரு கேள்விக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்றேன். இந்தச் சில்லுகள் ஐ-டூ-சி என்ற இரண்டு கம்பி இணைப்பில் இருக்கின்றன. அதன் சாதாரண வேகத்தில் செகண்டுக்கு 1,00,000 துடிப்பு. முகவரியை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க 9 துடிப்பு. கிட்டத்தட்ட 90 மைக்ரோ செகண்டு. கேட்பதற்குச் சின்ன நேரம்தான். அந்த நேரத்தைவிட, நிஜமான ஒரு பிழை அந்த 86,400 வரிகளுக்குள் புதைந்து போவதுதான் பெரிய ஆபத்து. தினமும் அதே புகார் வந்தால் யார் படிப்பார்கள்?

சரியான முறை இதுதான். கெர்னல் ஒரு சாதனத்தையும் அதன் டிரைவரையும் முதன்முதலில் சேர்த்துவைக்கும் இடத்துக்கு ‘ப்ரோப்’ என்று பெயர். என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்பதை அங்கே ஒரே ஒரு தடவை விசாரிக்க வேண்டும். விடையை அந்தச் சாதனத்துக்கான குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அந்தக் குறிப்பைப் பார்த்தால் போதும். நினைவகத்தில் இருக்கும் ஒரு குறிப்பைப் பார்க்கச் சில நானோ செகண்டு போதும். சில்லைப் போய்த் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

அந்த விசாரணையையும் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்துச் செய்ய வேண்டாமாம். ‘டிவைஸ் ட்ரீ’ என்று ஒன்று இருக்கிறது. இந்தப் போர்டில் எந்தச் சில்லு எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று போர்டு செய்தவர்கள் எழுதிக் கொடுக்கும் விவரம் அது. எவை கட்டாயம், எவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்பதற்கும் விதி உண்டு. அலர்ட் கம்பியைப் பற்றி அதில் வரியே இல்லை என்றால், அந்தப் போர்டில் அலர்ட் கம்பி இல்லை. அவ்வளவுதான்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. அது நம் சேர்க்கைப் பதிவேடுதான். எங்கள் பள்ளியில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். அப்பா இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே அம்மாதான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்த ஆசிரியர் யாராவது ரேங்க் கார்டை நீட்டி “அப்பா கையெழுத்து எங்கே?” என்று வகுப்பின் நடுவில் கேட்பார். அந்தப் பிள்ளை எழுந்து நின்று பதில் சொல்லும். பதில் மாறப்போவதில்லை. கேட்பவருக்கு ஒரு செகண்டு, பதில் சொல்கிற பிள்ளைக்கு அன்றைய நாள் முழுவதும். நான் பதிவேட்டைப் பார்த்து அவளுடைய கார்டில் ‘தாயார் கையொப்பம்’ என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். கேள்வியே எழாது.

சில்லுக்கு மனசு இல்லை, வலிக்காது. ஆனால் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைப் படிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்பது என்ற பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இரண்டாவது குறை இன்னும் மோசம். ஈரப்பதச் சில்லு பதில் சொல்லாதபோது, பழைய டிரைவர் ஈரப்பதம் ‘0’ என்று கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது. ஆசிரியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தேர்வு எழுதி 0 வாங்குவது வேறு, தேர்வுக்கே வராதது வேறு. வராதவனுக்கு 0 போட்டால் வகுப்பின் சராசரியே பொய்யாகிவிடும். ‘ஆப்சென்ட்’ என்று எழுத இடம் இருக்க வேண்டும்.

கெர்னலில் அதற்கு வழி இருக்கிறது. வெப்பநிலை, ஈரப்பதம் போன்ற அளவுகளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கோப்பாக டிரைவர் வெளியே காட்டும். யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பைத் திறந்து அளவை வாசிக்கலாம். வெப்பநிலைக் கோப்பில் 5000 என்று இருந்தால் 5 டிகிரி என்று பொருள், ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கு. எந்தக் கோப்பு தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பதை டிரைவர் தொடக்கத்திலேயே ‘இஸ் விசிபிள்’ என்ற ஒரு சிறு பகுதியில் சொல்லலாம். ஈரப்பதச் சில்லு இல்லாத போர்டில் ஈரப்பதக் கோப்பே உருவாகாது. இல்லாத ஒன்றை வாசித்து 0 என்று நம்புவதற்கு யாருக்கும் வாய்ப்பே இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாவது குறைதான் இந்தப் பதிவை எழுதவைத்தது.

கரன்ட் போய்விட்டால் கருவி பேட்டரியில் ஓடும். பேட்டரியைச் சேமிக்க அது தூங்கிவிடும். பெரிய போர்டில், சூடு ஏறினால் அலர்ட் கம்பி எழுப்பும். சின்ன போர்டில் கம்பி இல்லாததால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் எழுப்பும்படி மேலே ஓடும் நிரலில் ஏற்பாடு. ஆனால் களத்தில் இருந்த பெரிய போர்டு ஒன்று கரன்ட் போன இரவில் எழுந்திருக்கவே இல்லை. நல்லவேளை, அது வெள்ளோட்டம் பார்க்க வைத்திருந்த பெட்டி, உள்ளே மருந்து இல்லை. கொண்டுவந்து சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கம்பி இருக்கிறது, சில்லு நன்றாக இருக்கிறது.

மருமகள் இரண்டு நாள் அதோடு போராடினாள். மூன்றாம் நாள், கருவியை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தாள். நான் என் பழைய பழக்கத்தில் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். வரிசை எண், நேரம், அலர்ட் வேலை செய்ததா, இல்லையா. அவள் அணைத்துப் போடுவாள், திரையில் வருவதைச் சொல்வாள், நான் குறிப்பேன். பேத்தி நடுவில் வந்து ஸ்விட்சைத் தொடப் பார்ப்பாள். மொத்தம் 40 தடவை. 37 தடவை சரி. 3 தடவை மட்டும், கம்பி இருக்கும் போர்டே கம்பி இல்லாத போர்டு மாதிரி நடந்துகொண்டது.

“அத்தை, கிடைச்சிருச்சுங்க!” என்று கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். பிராசஸரில் கம்பி சேர்க்கும் கால்கள் போதாததால், அலர்ட் கம்பி நேராகப் பிராசஸருக்குப் போகாமல் நடுவில் ‘எக்ஸ்பாண்டர்’ என்ற இன்னொரு சில்லு வழியாகப் போகிறது. அந்தச் சில்லுக்கும் தனி டிரைவர். கருவி தொடங்கும்போது எல்லா டிரைவர்களும் எப்போதும் ஒரே வரிசையில் தயாராவதில்லை. பெரும்பாலும் எக்ஸ்பாண்டர் முந்திவிடும். எப்போதாவது பிந்திவிடும். அப்படிப் பிந்தும்போது நம் டிரைவர் “அலர்ட் கம்பி இருக்கிறதா?” என்று கேட்டால் கெர்னல் சொல்லும் பதில் ‘இல்லை’ அல்ல, ‘இன்னும் வரவில்லை, பிறகு கேள்’ என்பது. பழைய டிரைவர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டுவிட்டது.

கெர்னலில் இந்தக் கேள்விக்கு ‘ஜிபிஐஓடி கெட் ஆப்ஷனல்’ என்று பெயர். அது தரும் பதில்கள் தெளிவானவை.

போர்டின் விவரத்தில் கம்பியே இல்லை என்றால், பதில் வெறுமை. நிரல் மொழியில் ‘நல்’ என்பார்கள். இது பிழை அல்ல. கம்பி இல்லாமல் நடத்து.

கம்பி இருக்கிறது, ஆனால் அதைத் தர வேண்டியவர் இன்னும் தயாராகவில்லை என்றால், பதில் ‘ப்ரோப் டிஃபர்’ என்ற குறி. அதன் எண் 517. 2012-இல் வந்த லினக்ஸ் 3.4 பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. இந்தப் பதில் வந்தால் டிரைவர் எதையும் முடிவு செய்யக் கூடாது. அப்படியே கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கெர்னல் அந்தச் சாதனத்தைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கும். வேறு ஏதாவது ஒரு டிரைவர் தன் சாதனத்தோடு சேர்ந்ததும், பட்டியலில் இருப்பவர்களை மறுபடி கூப்பிட்டுப் பார்க்கும்.

கம்பி இருக்கிறது, ஆனால் ஏதோ கோளாறு என்றால், உதாரணமாக வேறொரு டிரைவர் அதைப் பிடித்து வைத்திருந்தால் பதில் 16, அதாவது ‘பிசி’. இது நிஜப் பிழை. இதை மறைக்காமல் சத்தமாகச் சொல்லி நின்றுவிட வேண்டும்.

‘பிழையா, வெறுமையா, இரண்டில் ஏதாவது ஒன்றா?’ என்று ஒரே மூச்சில் கேட்கிற வசதியும் கெர்னலில் உண்டு. பழைய நிரல் அந்த வசதியைப் பயன்படுத்தி, மூன்று பதிலையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது. எழுதியவருக்கு அது சுருக்கமாகத் தெரிந்திருக்கும். ஒரு வரி மிச்சம். ஆனால் அந்த ஒரு வரியால்தான் ஒரு பெட்டி இரவெல்லாம் தூங்கியது.

நான் அவளிடம் சொன்னேன். “கண்ணு, இதைப் பசங்க எனக்குத் தினமும் சொல்லிக் குடுத்தாங்க. ‘ஸ்கேல் எங்கடா’ன்னு கேட்டா ஒருத்தன் ‘இல்லீங் டீச்சர்’ம்பான். ஒருத்தன் ‘அப்பா சந்தைக்குப் போயிருக்காருங், நாளைக்கு வந்துரும்’பான். ஒருத்தன் ‘ஒடைஞ்சு போச்சுங் டீச்சர்’ம்பான். மூணு பேருகிட்டயும் ஸ்கேல் இல்ல. ஆனா மூணும் ஒண்ணா?”

முதல் பையனுக்கு நான் ஸ்கேல் இல்லாமல் செய்யும் வேலை கொடுப்பேன், அல்லது பள்ளி ஸ்கேலைக் கொடுப்பேன். இரண்டாமவனை நாளைக்குக் கேட்பேன். மூன்றாமவனிடம் எப்படி உடைந்தது என்று விசாரிப்பேன், ஏனென்றால் சில சமயம் அதற்குப் பின்னால் வேறு கதை இருக்கும். மூவரையும் ‘ஸ்கேல் இல்லாதவர்கள்’ என்று ஒரே வரிசையில் நிறுத்தினால் இரண்டாமவனுக்கு நாளை ஸ்கேல் வந்தாலும் நமக்குத் தெரியாது. உடைத்தது யார் என்பதும் தெரியாது.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. மருமகளின் மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரம். “டிரைவர் தொடங்கும்போது 2 செகண்டு சும்மா காத்திருக்க வைத்துவிடுங்கள், அதற்குள் எக்ஸ்பாண்டர் வந்துவிடும், இன்றே அனுப்பிவிடலாம்” என்றார். சோதனைக் காலத்தில் இருக்கும் ஒருத்தி மேலாளரிடம் மாட்டேன் என்று சொல்வது எளிதல்ல. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. “2 செகண்டு வெச்சா 40-ல 3 வர்றது 4,000-ல 3 ஆகும் அத்தை. அப்புறம் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது” என்றாள். எவ்வளவு சரியான பேச்சு! அடிக்கடி வரும் கோளாறைப் பிடிக்கலாம். அபூர்வமாக வரும்படி செய்துவிட்டால் அது என்றைக்கோ ஒருநாள் மருந்து உள்ளே இருக்கும்போதுதான் வரும்.

மறுநாள் வீடியோ கூட்டத்தில் அவள் என் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டினாள். காத்திருப்பு சேர்த்தால் கோளாறு போகாது, ஒளிந்துகொள்ளும் என்றாள். காத்திருக்கும் சாதனங்களின் பட்டியலைக் கெர்னலே ஒரு கோப்பில் காட்டும், அதையும் காட்டினாள். பிறகு மாற்றிய நிரல். வெறுமை என்றால் கம்பியில்லா முறை, பிழை என்றால் அதை அப்படியே திருப்பிக் கொடுப்பது. புதிதாக எழுதியது சில வரிகள்தான். மறுபடி 40 தடவை அணைத்துப் போட்டோம். இந்தத் தடவை எக்ஸ்பாண்டரை வேண்டுமென்றே தாமதமாக வரவைத்தும் பார்த்தாள். 40-க்கு 40.

இங்கே நிறுத்தியிருந்தால் நான் ஆசிரியை அல்ல. எனக்கு இன்னொரு சந்தேகம். “விடையை எழுதி வெச்சுக்கிட்டாலும், ஒவ்வொரு செகண்டும் ‘ஈரப்பதச் சில்லு உண்டா’ன்னு அந்தக் குறிப்பைப் பார்க்கத்தானே வேணும்? அதுவும் வீண்தானே?”

அதற்கு அவள் சொன்ன பதிலில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

சில இடங்களில் பார்க்கவே வேண்டியதில்லை. ரீசெட் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆப்ஷனல்’ என்று கேட்டு வெறுமை வந்தால், அந்த வெறுமையையே கம்பியாக நினைத்து “இழு” என்று சொல்லலாம். கெர்னல் பேசாமல் ஒன்றும் செய்யாது. ஆகவே நிரல் முழுக்க ‘கம்பி இருந்தால்... கம்பி இருந்தால்...’ என்று எழுதத் தேவையில்லை. கடிகாரத் துடிப்பைக் கேட்கும் ‘கிளாக் கெட் ஆப்ஷனல்’ என்பதும் இப்படித்தான்.

ஆனால் ஒரே சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. மின்சாரம் தரும் ‘ரெகுலேட்டர்’ பகுதியில் சாதாரணமாகக் கேட்டால், விவரம் இல்லாவிட்டாலும் கெர்னல் ஒரு பொம்மை ரெகுலேட்டரைக் கொடுத்துவிடும். சில்லு ஓடுகிறது என்றால் எங்கிருந்தோ மின்சாரம் வரத்தானே செய்கிறது என்ற எண்ணம். அங்கே ‘ஆப்ஷனல்’ என்று கேட்டால்தான், இல்லாதபோது 19 என்ற பிழை வரும், வெறுமை வராது. ‘படி’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம் அல்லவா, அதே மாதிரி இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

நேரம் நிஜமாகவே நெருக்கும் இடம் வேறு. செகண்டுக்கு 10 ஜிகாபிட் வேக நெட்வொர்க் கார்டில், மிகச் சிறிய பொட்டலங்களாக வந்தால் ஒரு செகண்டில் 1 கோடியே 48 லட்சத்துக்கு மேல் வரலாம். ஒரு பொட்டலத்துக்குக் கிடைப்பது சுமார் 67 நானோ செகண்டு. அங்கே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கார்டிடம் போய் “உனக்கு இந்த வசதி உண்டா?” என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் அடுத்த பொட்டலங்கள் வாசலில் குவிந்துவிடும். அதனால் பொட்டலத்தின் சரிபார்ப்புக் கூட்டலைக் கார்டே போடுமா, இல்லை கெர்னல் போட வேண்டுமா என்பது போன்ற விவரங்களை டிரைவர் தொடக்கத்திலேயே அறிவித்துவிடும். வசதி இல்லாத கார்டுக்குக் கெர்னலே கூட்டிக் கொடுக்கும்.

அங்கே இன்னும் சில உபாயங்கள். வசதி உள்ள சாதனத்துக்கு ஒரு செயல்முறை, இல்லாததற்கு இன்னொன்று என்று இரண்டாக எழுதி, தொடக்கத்திலேயே எது என்று சுட்டி வைத்துவிடுவது ஒன்று. ஆனால் 2018 ஜனவரியில் ‘ஸ்பெக்டர்’ என்ற பிராசஸர் பலவீனம் வெளிவந்த பிறகு, அதற்குப் போட்ட பாதுகாப்பால் இப்படிச் சுட்டி வழியாகப் போவது முன்னைவிடச் செலவாகிவிட்டது. இன்னொன்று ‘ஸ்டாட்டிக் கீ’. கெர்னல் தன் நிரலையே ஓடும்போது திருத்தி எழுதிக்கொள்ளும். வசதி அணைந்திருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத ஒரு கட்டளை, வசதி வந்தால் அதே இடத்தில் தாவும் கட்டளை. குறிப்பைப் பார்க்கும் வேலையே இல்லை. ஆனால் அது நிரல் முழுவதற்கும் பொது. ஒரே கம்ப்யூட்டரில் வசதி உள்ள கார்டு ஒன்றும் இல்லாத கார்டு ஒன்றும் இருந்தால் பொருந்தாது.

“அப்ப நம்ம டிரைவருக்கு எது?” என்றேன்.

“ஒண்ணும் வேண்டாங்க அத்தை. செகண்டுக்கு ஒரு தடவை ஓடுறதுக்கு ஒரு சாதா ‘இஃப்’ போதும். எப்பவும் ஒரே பதில் வர்ற இஃபைப் பிராசஸரே ஊகிச்சுக்கும். படிக்கிறவங்களுக்கும் புரியும்.”

எங்கே சிக்கனம் பிடிக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்திருப்பதுதான் சிக்கனம். சில்லிடம் 86,400 தடவை கேட்பதை நிறுத்தினாள், அது தேவை. ஒரு இஃபை மிச்சம் பிடிக்க நிரலைக் குழப்பவில்லை, அதுவும் தேவை.

அவளுடைய சோதனைக் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முடிவு என்னவாகும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. மாற்றிய நிரல் போன வாரம் எல்லாப் பெட்டிகளுக்கும் போய்விட்டது. மேலாளர் அனுப்பிய பதில் ஒரே சொல், “ஓகே”. எனக்கென்னவோ அது போதாது என்று தோன்றியது. அதனால்தான் அவள் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

அவள் வேலை தேடியபோது கேட்டார்களே, “இந்த இடைவெளி ஏன்?” என்று, அதையும் இப்போது நினைத்துக்கொள்கிறேன். இரண்டரை வருடம் அவள் வேலைக்கு வராததை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ‘கெட்டுப்போய்விட்டது’ என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ‘இன்னும் வரவில்லை, பிறகு கேள்’ என்று பட்டியலில் வைத்திருந்தவர்கள் குறைவு.

நிரல் எழுதும் என் மாணவர்கள் இதைப் படித்தால், உங்கள் டிரைவரில் மூன்று பதிலையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். வகுப்பறையில் இருக்கும் ஆசிரியர் நண்பர்கள், ஜூன் மாதம் முதல் வாரத்திலேயே யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்காதீர்கள், நோட்டைக் கேளுங்கள்.

 கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், மற்றதை மருமகளிடம் கேட்டுச் சொல்கிறேன். பேத்தி தூங்கிய பிறகுதான் பதில் வரும்.